அறுபத்திரண்டாவது சிலிப்பர்

படாளத்திலிருந்து தொலைபேசி வந்தபோது செங்கம்மாள் தண்டவாளத்துக்கு ஓரமாக உட்கார்ந்து மதியச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பேசியவன் சடையப்பனின் மகன் ரமேஷ். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது, உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறார், முடிந்தால் இன்றைக்கே வந்துவிடு என்றான். சடையப்பன் அவளுக்கு உறவுக்காரர் அல்லர். ரயில்பாதையைப் பராமரிக்கும் கேங்கில் அவளுக்கு மேஸ்திரியாக இருந்தவர். அதற்கு முன்னால் அவளுடைய கணவன் ஜான்சனுக்கும் அவர்தான் மேஸ்திரி. ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. போகப்போகிற மனிதர் சொல்லிக்கொள்வதற்காகக் கூப்பிடுகிறார் என்றுதான் அவள் எண்ணினாள். வழியில் ஆறு சாத்துக்குடி வாங்கிக்கொண்டாள்.

கட்டிலில் கிடந்த சடையப்பன் நலம் விசாரிப்புக்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. மகனையும் மருமகளையும் வெளியே அனுப்பிவிட்டு, தலையணைக்கடியிலிருந்து ஒரு நாளிதழ்த் துண்டை எடுத்து நீட்டினார். செங்கல்பட்டில் கைவிடப்பட்டுக் கிடக்கும் உரக் கிடங்கு லைனைப் பொதுமக்கள் நடப்பதற்கான பாதையாக மாற்றப் போகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது.

அந்த லைனை அவளுக்குத் தெரியாதா? பிரதான பாதையிலிருந்து பிரிந்து, ஊருக்குள்ளேயே வீடுகளின் கொல்லைப்புறமாக மூன்றரை கிலோமீட்டர் வளைந்து சென்று, ஓர் உரக் கிடங்கின் வாசலில் முடிந்துவிடும் ஒற்றைப் பாதை. கடைசி வேகன் அதில் போய்ப் பதினேழு ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு சீமைக்கருவேல் முளைத்தது, குப்பை சேர்ந்தது, இரு பக்கத்து வீட்டுக்காரர்களும் தண்டவாளத்தின் மேல் துணி உலர்த்தினார்கள். ஜான்சன் அந்த லைனுக்குக் கீமேனாக இருந்தவன். நாள்தோறும் சுத்தியலோடு முழுத் தூரமும் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சாவிகளில் தளர்ந்துபோனவற்றை அடித்து இறுக்குவது அவன் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ஐப்பசி கடைசியில், கண் தெரியாமல் அடித்த மழையில் பின்னால் தள்ளப்பட்டு வந்த வேகனின் ஓசை அவன் காதில் விழவில்லை. யார்மீதும் பிழை இல்லை என்று விசாரணை முடிந்தது. பெட்டியில் கழுத்துவரை வெள்ளைத் துணியால் சுற்றிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். செங்கம்மாள் நெற்றியில் முத்தமிட்டாள். வலப்பக்கமாக அவள் சாயப் போனபோது சடையப்பன் தோளைப் பிடித்து இடப்பக்கம் திருப்பிவிட்டதை அவள் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அந்தக் கட்டிலில் கிடந்தபடி, ஏன் திருப்பினேன் என்பதை அவர் சொன்னார். பெட்டிக்குள் வலது கை இல்லை. மணிக்கட்டோடு போயிருந்தது. எவ்வளவு தேடியும் அன்று கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், மழை வடிந்த பிறகு, பாதையோரப் பள்ளத்தில் அவரும் கேங்காள் ஒருவனும் அதைக் கண்டெடுத்தார்கள்.

“போலீசுக்குச் சொன்னா பொதச்சத மறுபடியும் தோண்டுவானுங்க,” என்றார் சடையப்பன். “நீ மூணு வயசுக் கொழந்தய இடுப்புல வச்சிகினு கல்லற வாசல்ல வந்து நிக்கணும். எனக்கு மனசு வர்ல தங்கச்சி. அவனோட டப்பாலயே வச்சி மூடி, அங்கியே பொதச்சிட்டோம்.”

எந்த டப்பா என்று அவள் கேட்கவில்லை. பாதையில் பழுது கண்டால் ரயிலை நிறுத்துவதற்காகத் தண்டவாளத்தின்மேல் வைக்கும் வெடிவில்லைகளை ஒவ்வொரு கீமேனும் ஒரு தகர டப்பாவில் போட்டு இடுப்போடு வைத்திருப்பான். ஜான்சனுடைய டப்பாவின் மூடியில் சிவப்புச் சாயத்தில் ஒரு சிலுவை இருக்கும், போட்டவள் அவள்தான்.

இன்னொன்றும் அப்போது அவளுக்குப் புரிந்தது. கணவன் இறந்ததற்குக் கருணை அடிப்படையில் ரயில்வே அவளுக்கு வேலை கொடுத்தபோது, மற்றப் பெண்களைப்போல அலுவலகத்தில் தண்ணீர் எடுத்துக்கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்காமல், கேங்கிலேயே இருக்கிறேன் என்றாள். அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கேதான் இருந்தார்கள். உரக் கிடங்கு லைனில், தண்டவாளத்தைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகளில் ஒன்றின் முனைக்கு மட்டும் ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடிப்பார்கள். அவ்விடம் வந்தால் ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பார்கள். ஜான்சன் விழுந்த இடம் என்று அவளும் நிற்பாள்; அவர்கள் நின்றது அந்த டப்பாவுக்காக. நிழல் இருந்ததால் அங்கே உட்கார்ந்து எத்தனையோ நாள் சோறு தின்றிருக்கிறாள்.

“மதகுல இருந்து வடக்கால எண்ணிக்கோ. அறுவத்திரெண்டாவது சிலிப்பர். இடது பக்கம், முனையில இருந்து ரெண்டு மொழம்,” என்றார் சடையப்பன். “மிஷினு வந்து வாரிகினு போறதுக்குள்ள எடுத்துடு.”

பதினோராம் நாள் அவர் இறந்துபோனார்.

செங்கம்மாளுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. கல்லறைத் தோட்டத்தில் ஜான்சனின் குழியைத் திறந்து, தன்னையும் அதிலேயே வைக்க வேண்டும் என்பது அவள் நெடுநாளாகச் சொல்லி வைத்திருந்த ஏற்பாடு. அவர்கள் சபையில் கணவன் மனைவிக்கு அது வழக்கம்தான். இப்போது அந்தக் குழியை நினைக்கும்போதெல்லாம் அதில் ஒரு குறை தெரிந்தது. தான் போய்ச் சேர்வதற்குள் அவன் முழுமையாக அங்கே இருக்க வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவர், எடுத்து வா, ஓரத்தில் இடம் விட்டு வைக்கிறேன் என்றார்.

மகள் ஜாக்குலின் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்த்துக்கொண்டு, ஊரப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்த ஒரே ஒரு படம் வீட்டில் இருந்தது. அதில் இரண்டு வயது ஜாக்குலினை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஜான்சன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பான். தாய் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கேட்டாள்:

“எந்தக் கைம்மா?”

“வலது.”

“போட்டோல என்னத் தூக்கிகினு கீற கையா?”

செங்கம்மாள் தலையசைத்தாள்.

உரக் கிடங்கு லைனில் அதற்குள் வேலை தொடங்கியிருந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர்களும் கழற்றப்பட்டு லாரியில் போய்விட்டன. கருவேல் வெட்டிய இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. ஊரின் நடுவே இவ்வளவு நீளமான வெற்றிடம் இருந்ததென்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்று பார்த்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் முதல் முறையாகச் செங்கம்மாள் கையில் கருவி எதுவும் இல்லாமல் அந்த லைனில் நடந்தாள். கால் வைக்க வேண்டிய இடம் தெரியவில்லை. எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்து சோறு தின்ற நிழலும் போயிருந்தது. மதகு மட்டும் அப்படியே இருந்தது.

வேலையை மேற்பார்வை பார்த்தவள் அன்பரசி என்னும் இளம் பொறியாளர். முதல் நாள் அவளைப் பார்க்கவே முடியவில்லை. வாசற்காவலுக்கு இருந்த வரதன் வழிமறித்தான். எதற்குத் தோண்ட வேண்டும் என்று அவன் கேட்டதற்கு, ஒரு டப்பா எடுக்க வேண்டும் என்று மட்டும் அவள் சொன்னாள்.

“இன்னா ஆயா, பொதையலா?” என்றான் வரதன்.

“ஆமா நைனா. கெடச்சா பாதி உனுக்கு.”

மூன்றாம் நாள் அன்பரசியே வெளியே வந்து விசாரித்தாள். உண்மையைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. மேலே எழுதிக் கேட்டால் ஆறு மாதம் ஆகும். அதற்குள் அந்த இடத்தில் பாதை போட்டு முடிந்துவிடும். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வேலைக்கு வர மாட்டார்கள், காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை தோண்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் என்னால் முடியாது அக்கா என்றாள். அந்த நான்கு மணி நேரத்தை அவள் தன் பொறுப்பில் கொடுத்தாள்.

ஞாயிறு விடியும்போது தாயும் மகளும், கேங்கில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் இரண்டு பேரும் மதகின்மேல் நின்றார்கள். எலும்பைச் சுற்றுவதற்குப் புது வெள்ளைத் துணி செங்கம்மாளின் பையில் இருந்தது. அன்பரசி அளவு நாடாவை எடுத்து நீட்டினாள்.

“டேப்பு இன்னாத்துக்கு மேடம்,” என்றாள் செங்கம்மாள். “எங்க காலு தப்பாது.”

அது வீண்பெருமை இல்லை. சிலிப்பருக்குச் சிலிப்பர் கால் வைத்தே கால் நூற்றாண்டு நடந்தவள் அவள். கடைத்தெருவில் நடந்தாலும் அவள் அடிகள் ஒன்றுபோலவே விழும். கூட நடக்கிறவர்கள் கேலி செய்வார்கள். மதகின் விளிம்பில் குதிகாலை வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே வடக்கே அறுபத்திரண்டு அடி நடந்தாள். இடப்பக்கம் திரும்பி, சிலிப்பரின் முனை இருந்திருக்கும் இடத்திலிருந்து இரண்டு முழம் அளந்தாள். அங்கே மண்டியிட்டு ஒரு ஜெபம் சொன்னாள். பிறகு கடப்பாரை இறங்கியது.

நான்கு மணி நேரம் தோண்டினார்கள். முழங்காலளவு ஆழம் போதும் என்றிருந்ததை இடுப்பளவுக்கு இறக்கினார்கள். சுற்றிலும் ஆளுயரத்துக்கு அகலப்படுத்தினார்கள். ஜாக்குலின் மண்வெட்டியை விட்டுவிட்டுக் கையாலேயே மண்ணைப் பிசைந்து பார்த்தாள். துருப்பிடித்த இரும்புச் சாவிகள் மூன்று, புட்டித் துண்டுகள், ஒரு பாம்புச் சட்டை ஆகியவைதாம் வந்தன. பத்து மணிக்கு அன்பரசி கடிகாரத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தரைக்குச் செங்கம்மாளே போதும் என்றாள். தோண்டிய மண்ணை அவர்களே தள்ளி மூடினார்கள்.

அனுமதி இல்லாமல் ஆட்களை உள்ளே விட்டதற்காக மறுநாள் அன்பரசிக்கு எழுத்து மூலமாக விளக்கம் கேட்டு ஓலை வந்ததென்று வரதன் சொல்லித்தான் தெரிந்தது. இனி அவளைப் போய்க் கேட்பதில்லை என்று செங்கம்மாள் முடிவு செய்தாள்.

ஜாக்குலின் இன்னொரு முடிவுக்கு வந்திருந்தாள். மேஸ்திரிக்கு அந்த நேரத்தில் நினைவு சரியாக இருந்திருக்காது. டயாலிசிஸ் செய்கிறவர்கள் நடக்காததை நடந்ததாகச் சொல்வதுண்டு. அப்பாவுக்கு அப்படி ஒன்றும் ஆகியிருக்காது என்றாள். முதலில் தாயைத் தேற்றுவதற்காகச் சொன்னதை, சொல்லிச் சொல்லித் தானே நம்பத் தொடங்கினாள். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமலிருந்தவள் அதன் பிறகுதான் சாப்பிட்டாள். செங்கம்மாள் மறுத்துப் பேசவில்லை. தன் காலை அவள் நம்பினாள். கால் காட்டிய இடத்தில் இல்லை என்றால் எங்கும் இல்லை என்பதே அவளுக்கும் தோன்றிய கணக்கு.

ஆடி மாதம் பாதை திறக்கப்பட்டது. இரண்டு மாதம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போகிற வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால், எல்லோரையும்போல அவளும் பாதைக்குள் நுழைந்தாள். காலணி அணிந்த ஆண்களும் பெண்களும் கை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். ஓரமெல்லாம் அரளிச் செடி. நுழைவாயிலுக்குப் பக்கத்தில், இது ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை என்று மக்கள் தெரிந்துகொள்வதற்காக, பழைய லைனின் ஒரு துண்டை ஜல்லியோடும் மரச் சிலிப்பர்களோடும் பழையபடியே மீண்டும் பரப்பி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதித்தார்கள்.

தண்டவாளத்தைக் கண்டால் அதில் ஏறி நடப்பது அவள் காலுக்குப் பழக்கம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் சிலிப்பரில் கால் வைத்தாள். இரண்டாவது அடி விளிம்பில் பட்டது. மூன்றாவது அடி ஜல்லிக்குள் இறங்கிவிட்டது. கணுக்கால் மடங்கி, கையை ஊன்றிக்கொண்டாள். யாரோ பெண்ணொருத்தி, பார்த்து வாங்கம்மா என்று சொல்லிக்கொண்டே கடந்து போனாள்.

செங்கம்மாள் எழுந்திருக்கவில்லை. தண்டவாளத் துண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பார்த்தாள். பதின்மூன்று மீட்டர்; பழைய தண்டவாளத்தின் நீளம் அதுதான், அதை அளக்க வேண்டியதில்லை. சிலிப்பர்களை எண்ணினாள். பதினேழு இருந்தன. அவள் காலைப் பழக்கிய பிரதான பாதையில் கான்கிரீட் சிலிப்பர்கள். அவை அறுபது சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கி வைக்கப்பட்டவை. பாரம் குறைந்த இந்தக் கிளைப் பாதையில் மரச் சிலிப்பர்களை முக்கால் மீட்டருக்கும் அகலமாகத் தள்ளித்தள்ளிப் போட்டிருந்தார்கள். எட்டு ஆண்டுகள் இதிலும் வேலை செய்தவள்தான். ஆனால் பதினேழு ஆண்டுகள் காலடியில் வேறு பாதை இருந்துவிட்டது. மதகிலிருந்து முப்பத்தேழு மீட்டரில் அவள் தோண்டியிருந்தாள். சடையப்பன் சொன்ன இடம் நாற்பத்தேழாவது மீட்டர். பத்து மீட்டர் வடக்கே தள்ளி.

ரேஷன் கடையை மறந்துவிட்டு மதகுவரை நடந்தாள். இந்த முறை அடிகளை வேண்டுமென்றே நீட்டி வைத்து எண்ணினாள். அறுபத்திரண்டாவது அடிக்கு இடப்பக்கம், இரண்டு முழத்தில், ஓர் உயரமான விளக்குக் கம்பம் நின்றது. அதன் காலைச் சுற்றிச் சதுரமாகக் கான்கிரீட் மேடை. அதில் ஒருவர் காலைத் தூக்கி வைத்துக் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டி முடித்துப் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

போய்க் கேட்பதில்லை என்ற முடிவை அன்று மீறினாள். அன்பரசிக்கு வேறு ஊரில் வேலை. தொலைபேசியில் கூப்பிட்டதும் மறுநாள் மாலை வந்தாள். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் தேதியும் இடமும் பதிவாகும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. கம்பத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய படம் அவளுடைய கைப்பேசியில் இருந்தது. அவர்கள் தோண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து. ஐந்தடிக் குழி. பக்கத்தில் மண் குவியல். குவியலின் அடியில், ஜல்லிக்கு நடுவே, பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்றின் வளைந்த விளிம்பு.

அன்பரசி இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். விளிம்பு சிறுசிறு கட்டங்களாக உடைந்து, கடைசியில் வெறும் நிறமாகிவிட்டது. சிவப்பு இருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

அந்த மண் எங்கே போனது என்று செங்கம்மாள் கேட்டாள். பள்ளமான மனைகளை நிரப்புவதற்கு லாரி லாரியாகப் போனது, நான்கைந்து இடங்களுக்கு, எந்த லாரி எங்கே போனதென்று யாராலும் சொல்ல முடியாது என்றாள் அன்பரசி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மேடையை உடைத்துப் பார்க்கவாவது எழுதிக் கேட்கிறேன், என் வேலை போனாலும் பரவாயில்லை என்றாள். அன்றைக்கு நானாவது அளந்திருக்க வேண்டும், பிழை என்னுடையது என்றாள்.

“நீ டேப்ப எடுத்து நீட்டுன மேடம்,” என்றாள் செங்கம்மாள். “நான்தான் வேணான்னேன்.”

விளக்குகள் எரியத் தொடங்கின. புறப்படும்போது, இது என் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். படத்தை அனுப்பட்டுமா என்ற கேள்விக்கு முதலில் தலையாட்டியவள், பிறகு வேண்டாம் என்றாள். அவளுடைய கைப்பேசியை ஜாக்குலின் எடுத்துப் பார்ப்பதுண்டு.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, ஊரப்பாக்கத்திலிருந்து ஜாக்குலின் முதல் ரயிலில் வந்துவிட்டாள். போனஸ் பணத்தில் அப்பாவின் கல்லறைக்கு ஓடு பதித்திருந்தாள். பெயரும் தேதிகளும் பொறித்த கல் புதிதாக மின்னியது. இருவரும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார்கள். முந்தின இரவு மழையில் ஒட்டியிருந்த சேற்றை ஜாக்குலின் தேங்காய் நாரால் தேய்த்தாள். தாய் சாமந்திச் சரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் அதையே நெனச்சிகினு கீறியாம்மா?” என்று திடீரென்று கேட்டாள் ஜாக்குலின். தேய்ப்பதை நிறுத்தவில்லை. “அந்த மேஸ்திரி உடம்பு முடியாம இன்னாவோ சொல்ட்டாரு. அப்பா முழுசாத்தான் கீறாரு இங்க.”

செங்கம்மாளின் கை சரத்தின் முடிச்சில் நின்றது. அவளுடைய பிழையின் அளவு பத்து மீட்டர் என்பதை அவள் அறிவாள். அதை இந்தப் பெண்ணிடம் சொன்னால், நாளைக்கே அவள் விடுப்பெடுத்துக்கொண்டு, நிரப்பிய மனை ஒவ்வொன்றாகத் தேடிப் போய், கையால் மண்ணைப் பிசைந்துகொண்டிருப்பாள் என்பதையும் அறிவாள்.

“முழுசாத்தான் கீறாரு,” என்றாள்.

ஜாக்குலின் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் செங்கம்மாள் கண்ணைத் தாழ்த்தாமல் நின்றாள். பிறகு மகள் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே வரிசை நீளமாக இருந்தது. அவள் திரும்பி வருவதற்குள் செங்கம்மாள் ஈரக் கல்லின் வலப்பக்கமாக உட்கார்ந்து, உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைத்திருந்தாள். மகள் வரும் காலடி கேட்டதும் எடுத்துக்கொண்டு, மெழுகுவர்த்தியைப் பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடினாள்.